யாருக்கு முதலில் கட்டுப்பாடு?

பள்ளிப் பிள்ளைகளைக் காவல் துறையோடு சேர்த்துப் பயிற்றுவிக்கும் திட்டங்களைப் பற்றி இன்று நம்மிடையே பரவலாக நிலவும் அபிப்பிராயம் மிகவும் சுருக்கமானது. காக்கி உடுப்பணிந்து, விடியற்காலையில் மைதானத்தில் வரிசையாக நின்று, ஒருவர் இட்ட கட்டளைக்கு நாற்பது பேர் ஒரே அடியாகக் காலெடுத்து வைக்கப் பழகிய பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்கள் என்பதும், போலீஸ்காரரின் கண்பார்வையில் இருக்கும் பிள்ளைக்கு வேறொரு காவல் அநாவசியம் என்பதும், இந்தப் பயிற்சிக்குள் தாய் தகப்பனோ வைத்தியரோ குழந்தைகள் நலக் குழுவோ தலையிட்டால் கண்டிப்புத் தளர்ந்து பயிற்சியின் பிரயோஜனமே போய்விடும் என்பதும்தான் அதன் சாரம். இம்மூன்றில் ஒன்றுகூட உண்மையல்ல என்பது என் திடமான எண்ணம். அதிலும் மூன்றாவது, பிள்ளைகளின் உயிருக்கும் மானத்துக்கும் நேரடியாக ஆபத்து விளைவிக்கக்கூடியது.

இந்த அபிப்பிராயத்தைக் கொண்டிருப்பவர்கள் தீய எண்ணமுடையவர்கள் என்று நான் சொல்லவில்லை. பள்ளி வாசலுக்கு எதிர்க் கடையிலேயே போதைப் பாக்கு விற்கப்படுவதையும், பதின்மூன்று வயதுப் பையன் மணிக்கட்டில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வகுப்பில் வந்து உட்காருவதையும், இரவு ஒரு மணிவரை கைப்பேசியின் வெளிச்சம் போர்வைக்குள்ளிருந்து கசிவதையும் பார்த்துக் கலங்கிய பெற்றோர், யாராவது கண்டித்து வளர்த்தால் போதும் என்று ஏங்குவது இயற்கையே. “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா” என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த நம் பாட்டன்மார்களின் சொல்லிலும் பிள்ளையின் மேலுள்ள வாஞ்சையே நிறைந்திருந்தது. ஆனால் வாஞ்சையோடு சொல்லப்பட்டது என்பதனால் ஒரு கொள்கை சரியாகிவிடாது.

இத்தகைய திட்டம் ஒன்றின் சொந்த வரலாற்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். மாணவர் காவல் படை 2010 ஆகஸ்டில் கேரளத்தில், பி. விஜயன் என்ற ஐ.பி.எஸ். அதிகாரியின் ஊக்கத்தினால், உள்துறையும் கல்வித் துறையும் கைகோத்து 127 பள்ளிகளில் தொடங்கிய ஏற்பாடு. 2018 ஜூலை 21 அன்று, அப்போதைய மத்திய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் குருகிராமில் அதை நாடு முழுவதற்குமான திட்டமாகத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்திருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்ட அத்தேசியத் திட்டத்தில் பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது, மாதத்துக்கு ஒரு வகுப்பு என்பதே ஏற்பாடு. சமூகக் காவல், சாலைப் பாதுகாப்பு, பெண்கள் மற்றும் குழந்தைகளின் பாதுகாப்பு, ஊழல் எதிர்ப்பு, பேரிடர் மேலாண்மை ஆகியவை அதன் பாடங்கள். பரிவும் சகிப்பும் பொறுமையும் கூட்டுணர்வும் அது வளர்க்க விரும்பும் குணங்கள். ஒழுங்கும் அவற்றுள் ஒன்று. காவல் துறையைக் கண்டு நடுங்கிய ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் அந்தத் துறையோடு பயமின்றிப் பழக வேண்டும், அந்தத் துறையும் பிள்ளைகளோடு பழகித் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற இருமுக நோக்கத்துடன் பிறந்த திட்டம் இது. இதைப் பயமுறுத்திப் பணியவைக்கும் பட்டறையாகப் புரிந்துகொண்டது திட்டத்தின் பிழையன்று, நம்முடைய பிழை.

கவாத்து மைதானத்தில் நாம் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு காட்சியைச் சற்று அருகே சென்று பார்ப்போம். சுதந்திர தினத்தன்று, விருந்தினரின் கார் வரத் தாமதமாகிறது. பிள்ளைகள் முக்கால் மணி நேரமாக வெயிலில் விறைத்து நிற்கிறார்கள். இரண்டாவது வரிசையில் நின்ற பெண் திடீரென்று சாய்கிறாள். முழங்கால்களைப் பூட்டினாற்போல் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால் சதை வேலை செய்வதில்லை. அந்தச் சதை சுருங்கி விரிந்தால்தான் காலுக்கு இறங்கிய இரத்தம் மறுபடி மேலேறி இருதயத்தை அடையும். அது நின்றுபோனால் இரத்தம் கீழேயே தேங்கி மூளைக்குப் போவது குறைகிறது. முதல் பஸ்ஸைப் பிடிப்பதற்காகக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடிவந்த பிள்ளைக்கு இது இன்னும் சீக்கிரம் நேர்கிறது. முதலில் கொட்டாவி வரும், பிறகு காது அடைக்கும், உள்ளங்கை குளிர்ந்து வியர்க்கும், கண் இருட்டும், அதற்கப்புறந்தான் விழுவாள். விறைத்த சரீரம் கையை ஊன்றிக்கொள்ளாதாகையால் முகத்தில் அடிபடும். கொட்டாவிக்கும் வீழ்ச்சிக்கும் நடுவே கிடைக்கும் சிறிது நேரத்தில் “ஐயா, தலை சுற்றுகிறது” என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் நேர்ந்திராது. அவள் ஏன் சொல்லவில்லை? அசைவது அவமானம், வரிசையைக் கலைப்பது குற்றம், தாங்கிக்கொண்டு நிற்பதே ஒழுக்கம் என்று நாம் அவளுக்குக் கற்பித்திருந்தோம். அவள் நம் பாடத்தை நன்றாகவே படித்திருந்தாள்.

தேர்ந்த கவாத்து ஆசிரியர் இப்படிச் செய்வதில்லை. நிற்கும்போதே ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்டச் சொல்வார், முழங்காலை இறுக்காதே என்பார், கவாத்துக்கு முன் யார் சாப்பிடவில்லை என்று கேட்டு அவர்களுக்கு ஒரு வாழைப்பழமாவது கொடுத்துவிட்டுத்தான் வரிசை கட்டுவார், மயக்கம் வந்தால் கையை உயர்த்திவிட்டு வெளியே போகலாம் என்று முதல் நாளே அறிவித்துவிடுவார். அவருடைய அணி எந்த அணிக்கும் குறைந்ததாக இருப்பதில்லை. பாதுகாப்பைக் கவனித்தால் மிடுக்குக் குறையும் என்பவர்கள் அந்த ஆசிரியரின் அணியை ஒரு முறையேனும் போய்ப் பார்க்க வேண்டும்.

தண்டனை என்ற பெயரில் சரீரத்தின்மேல் ஏற்றப்படும் பாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் சென்னையில், பள்ளிக்குத் தாமதமாக வந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் குந்தியபடியே நடக்கும் ‘வாத்து நடை’ நடக்க வைத்தார்கள். அவன் மயங்கி விழுந்தான், பிழைக்கவில்லை. அடிக்காமல், பிரம்பைத் தொடாமல், ‘உடற்பயிற்சிதானே’ என்று நினைத்துச் செய்த காரியம் அது. பழக்கமில்லாத உடம்பை அளவுக்கு மீறிக் குந்தி எழ வைத்தால் தொடைச் சதை சிதைந்து, அந்தச் சிதைவு இரத்தத்தில் கலந்து, மூத்திரம் கருஞ்சிவப்பாகிச் சிறுநீரகம்வரை பழுதாகலாம் என்பது வைத்தியர்கள் நன்றாக அறிந்த விஷயம். தோப்புக்கரணமும் தண்டால்களும் மைதானத்தைச் சுற்றி ஓட்டமும் தண்டனையாகும்போது அவற்றுக்கு அளவு வைப்பது பிள்ளையின் சக்தியன்று, ஆசிரியரின் கோபம். பயிற்சிக்கும் தண்டனைக்கும் உள்ள வேற்றுமை இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மனத்துன்பமும் தரக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுத்திருக்கிறது. கவாத்து மைதானத்துக்கு மட்டும் அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

தண்டிக்கும் அதிகாரம் ஆசிரியரோடும் நின்றுவிடுவதில்லை. 2023-இல் மகாராஷ்டிரத்துத் தாணே நகரில், கல்லூரித் தேசிய மாணவர் படைப் பிள்ளைகளை மழைநீர் தேங்கிய தரையில் தலையை ஊன்றி இடுப்பை உயர்த்தி நிற்க வைத்து, ஒருவன் பின்னாலிருந்து கழியால் அடிக்கும் காட்சியை நாடே பார்த்தது. அடித்தவன் அதிகாரியல்லன், அவர்களைவிட மூத்த மாணவன். அடி வாங்கியவர்களில் ஒருவரும் எழுந்து ஓடவில்லை. யாரோ படம் பிடித்திராவிட்டால் வெளியே தெரிந்துமிராது. ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியைச் சொல்பவர்கள், அடித்துப் படியவைத்தவன் அடுத்த வருஷம் தானும் கழியை எடுத்துக்கொள்கிறான் என்ற மறுபாதியைச் சொல்வதில்லை.

இவையெல்லாம் சரீரத் துன்பங்கள். இதைவிடக் கொடியது வேறொன்று உண்டு. அதைச் சொல்லக் கூசுகிறது என்றாலும், சொல்லாமல் விடுவதே இத்தனை நாள் அதை வளர்த்தது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் தேசிய மாணவர் படையின் பெயரால் ஒரு முகாம் நடந்தது. அந்தப் பள்ளிக்கு அப்படையின் பிரிவே கிடையாது. முகாமுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று படையின் தலைமை பிறகு தெரிவித்தது. பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் போலி. பள்ளியிலேயே இரவு தங்கவைக்கப்பட்ட பெண் பிள்ளைகளில் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். வேறு பல சிறுமிகளும் சீண்டப்பட்டதாக வழக்குப் பதிவாயிற்று. அந்தப் பிள்ளை நடந்ததைச் சொன்ன பிறகும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் பள்ளிப் பொறுப்பிலிருந்தவர்களே கைதானார்கள்.

இந்தச் சம்பவத்தை, அது போலி முகாம்தானே, உண்மையான படைக்கு இதனால் என்ன களங்கம் என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் கேட்கிறேன்: போலி மனிதன் ஒருவன் எந்தச் சாவியைக் கொண்டு அந்தப் பள்ளியின் கதவைத் திறந்தான்? உடுப்பும், விறைப்பான நடையும், உரத்த குரலில் இடும் கட்டளையும் அல்லவா அவன் கையிலிருந்த சாவி? யார் அனுப்பியது, உத்தரவு எங்கே, எந்தப் பட்டாலியன் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உடுப்பைக் கண்டால் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் வளர்த்திருக்கும் பழக்கமே அவனுக்கு உத்தரவுக் கடிதமாயிற்று. உண்மையான படைகள் எந்தப் பணிவைப் பெருமையாகக் கொண்டாடுகின்றனவோ அதே பணிவின் மறைவில்தான் போலியும் நுழைகிறது.

சரி, உண்மையான காவல் துறையின் நேரடிப் பொறுப்பில் நடக்கும் படைகளில் இது நேராது என்று எண்ணலாமா? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல் துறை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் கேடட்டுகளைக் கொண்ட பெரிய படை ஒன்றை நடத்திவந்தது. 2017 ஜூன் மாதம் ஓர் இரவில், பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுள்ள மூன்று கேடட்டுகள், விடுப்பில் போயிருந்த ஒரு சார்ஜெண்டின் பெயரைப் பயன்படுத்திக் காவல் துறையின் ரோந்துக் கார்களைக் கொட்டகையிலிருந்து எடுத்துக்கொண்டு போய், துரத்தப்பட்டு, மோதிப் பிடிபட்டார்கள். மின்னதிர்ச்சித் துப்பாக்கிகளும் வயர்லெஸ் கருவிகளுங்கூட அவர்களிடம் இருந்தன. இதைக் கேட்டவுடன் பிள்ளைகளுக்குக் கண்டிப்புப் போதவில்லை என்று சொல்வது எவருக்கும் எளிது. ஆனால் விசாரணை மேலே போகப் போக, அதே காவல் துறையைச் சேர்ந்த ஓர் அதிகாரி பதினைந்து வயதுப் பெண் கேடட் ஒருத்தியோடு தகாத உறவு வைத்திருந்ததாகத் தெரியவந்தது. கார் திருட்டைத் துருவிக்கொண்டு போனவர்களுக்குக் குழந்தையின் மேல் நடந்த குற்றம் தற்செயலாகவே அகப்பட்டது.

இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வெளிவந்தது யதேச்சையாக இருக்கலாம்; இரண்டும் ஒரே ஓட்டையின் வழியே நுழைந்தவை என்பது யதேச்சையல்ல. விடுப்பிலிருக்கும் ஒருவர் பெயரில் கார் வெளியே போகிறதே என்று பார்க்க வேண்டிய பெரியவர் பார்க்கவில்லை. ஓர் அதிகாரி ஒரு சிறுமியோடு தனியே பேசுகிறாரே, செய்தி அனுப்புகிறாரே என்று கவனிக்க வேண்டிய பெரியவரும் கவனிக்கவில்லை. கட்டளை மேலிருந்து கீழே மட்டுமே ஓடி, கணக்குக் கேட்கும் வழக்கம் எந்தத் திசையிலும் இல்லாமற்போன ஸ்தாபனத்தில், பிள்ளைகளின் ஒழுக்கமும் கெடும், பிள்ளைகளின் பாதுகாப்பும் கெடும். ஒழுக்கம் ஒன்று, பாதுகாப்பு வேறொன்று, முன்னதைக் காக்கப் பின்னதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்ற நினைப்பு அடியோடு தவறென்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் எனக்குத் தெரியாது.

தவறு செய்தவர் ஒருவர், அதற்காகத் திட்டத்தையே பழிக்கலாமா என்ற ஆக்ஷேபம் வரும். அமெரிக்காவில் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற பெயரில் சாரணர் இயக்கத்தின் வழியாக நடந்துவரும் காவல் பயிற்சித் திட்டத்தைப் பற்றி மார்ஷல் பிராஜெக்ட் என்ற செய்தி நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், காவல் பணியாளர்கள் இளம் பிள்ளைகளிடம் தவறாக நடந்துகொண்டதாக 1974 முதல் குறைந்தபட்சம் 194 குற்றச்சாட்டுகள் எண்ணிக் காட்டப்பட்டன. ரோந்துக் காரில் ஓர் அதிகாரியும் ஒரு பிள்ளையும் மணிக்கணக்கில் தனியே போவதற்கு அத்திட்டம் இடம் வைத்திருந்தது. ஐம்பது ஆண்டுகளாக ஒரே மாதிரியான குற்றம் ஊர் ஊராக நேர்ந்துகொண்டிருக்குமானால், அதைத் தனி மனிதர்களின் கெட்ட புத்தி என்று சொல்லி ஓய்ந்துவிட முடியாது. கெட்ட புத்திக்குத் தனிமையையும் அதிகாரத்தையும் ஒருங்கே எடுத்துக்கொடுத்த ஏற்பாட்டையும் விசாரிக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் இதை நன்றாக உணர்ந்திருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 24-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது என்று விதிக்கிறது. அதே சட்டம், காவல் அதிகாரியே குழந்தையிடம் குற்றம் இழைத்தால் அதைக் கடுமை மிக்க குற்றமாக வகைப்படுத்துகிறது. குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறை என்கிறது. குழந்தை வாய் திறக்க வேண்டுமானால் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று பார்லிமெண்டே போலீஸாருக்குச் சொல்லியிருக்கும்போது, காக்கி இருக்கும் இடத்தில் குழந்தைக்கு வேறு பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்வது எந்த நியாயம்?

“நாங்கள் அடிபட்டுத்தான் வளர்ந்தோம், கெட்டா போனோம்?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடிபட்டுத் தேறி வந்தவர் மட்டுமே இன்று மேடையேறிப் பேசுகிறார். அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு ஓடியவன், அவமானத்தை விழுங்கிக்கொண்டு படையிலிருந்து விலகிய பெண், வாத்து நடையில் விழுந்து எழாத பையன் ஆகியோர் எந்த மேடையிலும் எதிர்ச்சாட்சி சொல்ல வருவதில்லை. ராணுவப் பயிற்சி கடுமையாக இல்லையா என்று கேட்பவர்கள், ராணுவத்தில் சேருபவன் தன் சம்மதத்தோடு, வைத்தியப் பரிசோதனை முடிந்து, சம்பளம் பெற்றுக்கொண்டு சேரும் வாலிபன் என்பதை மறந்துவிடுகிறார்கள். மாணவர் காவல் படையில் நிற்பது எட்டாம் வகுப்புக் குழந்தை.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும், இப்போதிருப்பதைக் காட்டிலும் மிகுதியாகவே வேண்டும். ஆனால் அது பெரியவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் பிறர் கண்ணுக்குப் படாத இடத்தில் தனியே இருக்கக்கூடாது என்பதும், பிள்ளையின் கைப்பேசிக்குத் தனிச்செய்தி அனுப்பக்கூடாது, அனுப்புவதெல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் என்பதும், பயிற்சியாளரின் நியமன உத்தரவைத் தலைமையாசிரியர் அனுப்பிய அலுவலகத்தோடு நேரே பேசி உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே மைதானத்துக்குள் விட வேண்டும் என்பதும், மூத்த மாணவனுக்கு வரிசையை நடத்தும் பொறுப்பு உண்டே தவிரத் தண்டிக்கும் உரிமை அறவே கிடையாது என்பதும் எழுதிவைக்கப்பட்டு, மீறியவர் யாராயினும் அன்றைக்கே விலக்கப்பட வேண்டும். கேரளத்தில் பள்ளி ஆசிரியர்களே படைக்குப் பொறுப்பேற்று, காவல் நிலையத்தார் கவாத்துச் சொல்லித்தரும் முறை வகுக்கப்பட்டிருப்பதில் இதற்கொரு நல்ல வித்து இருக்கிறது. இரண்டு துறையினர் ஒரே மைதானத்தில் நின்று ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும்போது மறைவு குறைகிறது. ஆசிரியர் காவலரைக் கண்டு ஒதுங்கி ஓய்வறைக்குப் போய்விட்டால் அந்த வித்து முளைக்காது.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய கட்டுப்பாடும் உண்டு. அதில் முதற்பாடம் மறுக்கக் கற்பது. எந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும், எந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியக்கூடாது, மறுத்த பின் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவரும் கேட்காவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்படி அழைக்க வேண்டும் என்பதைக் கவாத்துக்கு முன்னரே, காவல் அதிகாரியின் வாயாலேயே, அவர்கள் கேட்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான உத்தரவு எவ்வளவு பெரிய அதிகாரியிடமிருந்து வந்தாலும் அதை ஏற்க மறுப்பவரே நல்ல காவலர் என்று நாம் ஒப்புக்கொள்கிறோமானால், காவலராக வளர விரும்பும் பிள்ளைக்கு அந்த மறுப்பைக் கற்பிக்காமல் விடுவது பயிற்சியில் பாதியைத் திருடுவதாகும். கேள்வி கேட்கப் பழகினால் ஒழுங்கு குலையும் என்பவர்கள், கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பினால் தண்ணீர் வற்றிவிடும் என்று பயப்படுபவர்களைப் போன்றவர்கள்.

கடைசியாக ஓர் ஆக்ஷேபம் உண்டு. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நேர்மையான காவலர்களே. விடுமுறை நாளிலும் வந்து பிள்ளைகளோடு வெயிலில் நின்று உழைக்கும் எங்களைச் சந்தேகிப்பதா, இத்தனை விதிகளை விதித்தால் இனி யார் முன்வருவார்கள் என்று அவர்கள் மனம் வருந்துகிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும் நேர்மையுள்ளவருக்கு இந்த விதிகள் கேடயம். பொய்ப் பழி அவரை அண்டாமல் காப்பதும் இவைதாம். லாஸ் ஏஞ்சலஸில் அந்த அதிகாரியைக் கைது செய்ய அத்துறையின் தலைவர் சார்லி பெக் தாமே நேரில் போனார். தம் துறையின் மானம் எதில் இருக்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நம் மாவட்டங்களில் மாணவர் காவல் படையை நடத்தும் காவல் கண்காணிப்பாளர்கள் அந்த உறுதியை, கைது செய்ய வேண்டிய நாள் வருவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்று வேண்டுகிறேன். அடுத்த முகாமுக்கு அனுமதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன், பெண் பிள்ளைகள் இரவில் எந்த அறையில் படுப்பார்கள், அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும், அவர்களோடு தங்கப்போகும் ஆசிரியைகளும் பெண் காவலர்களும் யார் யார், நள்ளிரவில் ஒரு பிள்ளை தன் தாயோடு பேச வேண்டுமென்றால் எந்தத் தொலைபேசியில் பேசுவாள் என்ற நான்கு கேள்விகளுக்கும் அவர்கள் எழுத்தில் பதில் கேட்டு வாங்கட்டும். பதில் வராத முகாமுக்கு அனுமதி மறுக்கட்டும்.